‘மனைவி’ என்று நினைத்து எழுதியது

கேக் வெட்டக் கத்தியை வாங்கிய அந்த டச்சுக்காரர், முதலில் வெட்டவில்லை. க்ரீமில் எழுதியிருந்த கடைசி வார்த்தையை வழித்து எடுத்தார். அதை எழுதிக் கொடுத்தவள் நான். கைதட்டுவதற்குத் தயாராகப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

பர் துபாயில் ஒரு ஹோட்டலில் எனக்கு கெஸ்ட் ரிலேஷன்ஸ் வேலை. கல்லூரியில் ஜெர்மன் படித்ததால் கிடைத்த டெஸ்க் அது. ஹாலந்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெற்றோருக்குத் திருமண நாள். மூத்த மகன் வந்து, "அப்பா அம்மாவுக்குச் சொல்ற மாதிரி எங்க பாஷையில ஒரு வரி கேக்ல போட முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஜெர்மன் தெரிந்தவளுக்கு டச்சு என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு. "நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

ஆங்கிலத்தில் வைஃப். ஜெர்மனில் வைப். டச்சில் வெய்ஃப். மூன்றுக்கும் ஒரே வேர். போனில் தட்டினேன்; ‘மனைவி’ என்றே காட்டியது. அந்த டச்சு வார்த்தையைக் கடைசியில் போட்டு ‘என் அன்பு மனைவிக்கு’ என்று எழுதி, பேஸ்ட்ரி செக்‌ஷனில் செல்வத்திடம் கொடுத்தேன்.

லஞ்சுக்குக் கேக் வந்தது. மகன்கள் படித்துவிட்டு வெடித்துச் சிரித்தார்கள். அப்பாவின் தம்பி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மா மட்டும் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ரத்தமே இல்லாமல். அப்போதுதான் அவர் கணவர் கத்தியை வாங்கினார். மூத்த மகன் என் பக்கம் குனிந்து, "மேடம், அது கெட்ட வார்த்தை. பொம்பளைங்களைத் திட்டறது" என்றார்.

*கிச்சனில்*

சாப்பாட்டுப் பகுதி முழுக்கப் பார்த்துக்கொள்ளும் எஃப் அண்ட் பி மேனேஜர் சென்னைக்காரர். நேராகச் செல்வத்திடம் போனார்.

"யாரைக் கேட்டுய்யா எழுதின? கெஸ்ட் முன்னாடி மானம் போச்சு."

"குடுத்ததைத்தான் சார் எழுதினேன்." செல்வம் என் பெயரைச் சொல்லவில்லை.

"நான்தான் சார் எழுதிக் குடுத்தேன்" என்றேன்.

"நீங்களா? பாஷை தெரியும்னுதானே மேடம் உங்களை அந்த டெஸ்க்ல உக்கார வச்சிருக்கோம்?" குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "கலாஸ். இனிமே கேக்ல இங்கிலீஷ் மட்டும்."

பாத்திரம் கழுவுகிறவர்கள் வரைக்கும் என்னையே பார்த்தார்கள்.

*லாபியில்*

மறுநாள் காலை அந்த அம்மா லாபியில் தனியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஊர் ஹாலந்துல வடக்கே இருக்கிற ஃப்ரீஸ்லாந்து. அங்க பாஷையே வேற. எங்க பேச்சுல ‘வீஃப்’னா பொண்ணு, மனைவி, அவ்வளவுதான். எங்கப்பா எங்கம்மாவை அப்படித்தான் சொல்வார். கல்யாணமாகி வேற ஊருக்குப் போனேன். அங்க அது அடிக்கிற மாதிரி வார்த்தை."

கப்பைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கு நடுவுல சில மோசமான வருஷங்கள் இருந்துச்சு. அப்ப அவர் என்னை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். பிள்ளைங்களுக்குத் தெரியாது. அதனாலதான் சிரிச்சாங்க."

கப்பை மறுபடி எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"அதுக்கு அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்ல. நேத்து ரூமுக்குப் போனதும் கேட்டார். உங்களுக்கு நன்றி சொல்ல மனசு வரல. ஆனா உங்க மேல கோபமும் இல்ல."

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு பேர் யாருக்கும் தெரியாமல் புதைத்து வைத்திருந்ததை நான் மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் வைத்து நீட்டியிருக்கிறேன்.

பிறகு தேடிப் படித்தேன். ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்கு முதலில் பெண் என்று மட்டுமே பொருள். மருத்துவச்சியைச் சொல்லும் மிட்வைஃபில் இன்னும் அந்தப் பழைய பொருள் இருக்கிறது. ஜெர்மனில் ஒரு காலத்தில் சாதாரணச் சொல், இன்று பெரும்பாலும் ஏச்சு. அதன் வேர் எங்கே பிறந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். நம் ‘பொம்பள’யும் அப்படித்தான். ஒருவர் சொன்னால் வெறும் பேச்சு, இன்னொருவர் சொன்னால் கன்னத்தில் விழுகிற அறை.

டெஸ்க்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாழ்த்தை வீட்டுக்காரர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். ஒரு வார்த்தைக்குப் பொருள் அகராதியில் கிடைக்கும். அது அந்த வீட்டில் என்ன செய்திருக்கிறது என்பது கிடைக்காது.

டச்சுக்காரர்கள் செக்-இன் செய்ய வந்தால் இன்றும் நான் ஆங்கிலத்திலேயே வரவேற்கிறேன்.