சீல் பிரியாத பெட்டி

"என் சீல் இருக்கிற பெட்டிக்குள்ள கோளாறு போகாது. எமனே வந்தாலும் சீலைப் பிரிச்சுட்டுத்தான் உள்ள நுழையணும். பிரிச்சா எனக்குத் தெரிஞ்சு போயிடும்!"

இப்படிப் பிரகடனம் செய்தவர், எல்லோராலும் சீல்காரர் என்று அழைக்கப்பட்ட சோலார் மெக்கானிக். பிரகடனம் செய்த இடம் மாநாட்டு மேடை அல்ல. எலக்ட்ரிக்கல் கடையில், ஒயர் சுருள்களுக்கு நடுவில். கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் பல்பு வாங்க வந்து, தப்பிக்க வழி தெரியாமல் நின்றவர். ஆனாலும் சொன்ன தோரணையைப் பார்த்தால், எமன் எங்கோ ஒரு மூலையில் நின்று குறித்துக்கொண்டு போயிருப்பான் என்றே தோன்றும்.

சீல் என்றதும் அரக்கு முத்திரை என்று நினைத்துவிட வேண்டாம். கோட்டுப் பொத்தான் அளவில் வட்டமான வெள்ளிக் காகிதம். அதில் சிரிக்கும் சூரியன், சூரியனுக்குக் கீழே தொலைபேசி எண். கூரையில் இருக்கும் பேனலிலிருந்து வருகிற மின்சாரத்தை அளந்து பேட்டரிக்குக் கொடுக்கும் பெட்டிக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். டிபன் பாக்ஸ் அளவில் சுவரில் தொங்கும். அதன் அடிப்பக்கம் கம்பிகள் நுழையும் இடத்தை ஒரு சின்ன மூடி மறைத்திருக்கும். வேலை முடிந்ததும் அந்த மூடியின் விளிம்பில் சீலை வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். அத்தோடு அந்த வீட்டின் கோளாறுகள் அனைத்தும் நாடு கடத்தப்பட்டதாக அர்த்தம்.

ஒரே ஒரு சிறு பிசகு. அச்சடித்தவர் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டார். ஆயிரம் சீல்களும் வேறேதோ ஊரில் இருக்கும் தையல்காரர் ஒருவரின் எண்ணோடு வந்து இறங்கின. அதை நம்மவர் கண்டுபிடிக்க நாலு வருடம் ஆயிற்று. அந்த நாலு வருடத்திலும் தன் வேலையைப் பற்றி போனில் ஒரு புகார்கூட வரவில்லை என்பதைத்தான் தன் பெருமைக்கு ஆதாரமாகக் காட்டிக்கொண்டிருந்தார். தையல்காரரை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

தப்பித் தவறி நேரில் வந்து புகார் சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி வைத்திருந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "யாரு கை வச்சா?" அந்தக் குரலில் வீட்டிலுள்ள குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மாமனார் மருமகனைப் பார்ப்பார், மருமகன் பூனையைப் பார்ப்பான். குற்றவாளி கிடைத்த பிறகு கோளாறைக் கண்டுபிடிப்பது அவ்வளவு அவசரமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வருடமாகவே அவருக்குக் கிட்டத்தில் இருப்பது புகைமூட்டமாகத் தெரிந்தது. கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வெளிச்சம் பத்தல" என்று தன் தீர்ப்பை எழுதிக்கொண்டார். சூரியனை வைத்துப் பிழைக்கிறவர் வெளிச்சம் பத்தவில்லை என்று சொல்வதை அவர் மனைவி மட்டும்தான் கவனித்தார். "ஏங்க, ஒரு தடவை போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா என்ன?" என்று வாரம் ஒருமுறை கேட்பார். இலக்கங்களைப் படிக்க வேண்டிய இடங்களில் சீல்காரர் "கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்று வாடிக்கையாளரையே படிக்கச் சொல்வார். அவர் வீட்டில் அப்படி ஒரு கண்ணாடியே கிடையாது.

இந்த நிலையில்தான் தங்கை வீட்டு வேலை வந்தது.

தங்கையின் கணவர் பெயின்டர். மூன்றாவது மாடியில் சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அவருக்கு விரிக்கப்பட்டிருந்தது காற்று மெத்தை. ஒரு சின்ன பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். மெத்தையின் குழாய்களில் ஒன்று உப்பினால் பக்கத்துக் குழாய் இறங்கும். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் தங்காமல் இடம் மாறிக்கொண்டிருக்கும். பம்ப் நின்றால் மெத்தை தரையோடு ஒட்டிவிடும், படுத்தவர் முதுகு புண்ணாகும். அந்தத் தெருவில் கரண்ட் நினைத்தபோது போய் நினைத்தபோது வரும். அதனால் அண்ணன் தானே முன்வந்து கூரையில் பேனல் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் கன்ட்ரோலரை மாட்டி, கட்டிலுக்கு அடியில் பேட்டரியை வைத்து, பம்பை இணைத்து, சீலை ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினார். சொந்தக்காரர்களுக்கு ஒரு அழுத்து கூடுதல்.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் விடிவதற்கு முன்பே பம்ப் நின்றுவிட்டது. சத்தம் கேட்டு எழுந்திருப்பவர்களைத்தான் நாம் அறிவோம். தங்கை சத்தம் நின்றதும் எழுந்தாள். காலையில் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

பத்து மணிக்கு வந்தவர் வாசலிலேயே ஆரம்பித்தார். "யாரு கை வச்சா?"

"யாரு வைக்கப் போறா அண்ணா? அவரைத் திருப்பிப் போடவே எனக்கு ரெண்டு கை பத்தல."

சீலைத் தடவிப் பார்த்தார். பிரியவில்லை. சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. கன்ட்ரோலரில் பேட்டரி நிறைந்துவிட்டதாகப் பச்சை விளக்கு. "பாத்தியா, பத்து மணிக்கே வயிறு ரொம்பிடுச்சு! நம்ம வேலைன்னா சும்மாவா?" ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த ஒருவன் ஒரு வாய் சாப்பிட்டதும் போதும் என்றால் எந்தத் தாயும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நம்மவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

படுத்திருந்தவர் கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். "மச்சான், மத்தியானம் அந்த மூடியைத் தொட்டா சூடா இருக்கு."

"வெயில் அடிக்கிற சுவரு மாப்பிள்ளை. சூடா இல்லாம ஐஸாவா இருக்கும்?"

"இது உள்சுவரு மச்சான். அந்தப் பக்கம் சமையல்கட்டு."

"அப்ப அடுப்புச் சூடு" என்று வழக்கை முடித்தார். குற்றவாளி பேட்டரி என்று தீர்மானமாயிற்று. அன்றே வேறு பேட்டரி வந்தது. அது கடையிலேயே நிறைந்து வந்த பேட்டரி. நாலு நாள் தாங்கியது. நாலு நாளும் சீல்காரர் கடையில் தன் கண்டுபிடிப்பை விளக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் விடியலில் பம்ப் மறுபடி நின்றது.

இரண்டாம் விசாரணையில் பேனல் கூண்டில் ஏறியது. கூரைக்குப் போய்ப் புறா எச்சத்தைக் கழுவினார். இறங்கி வந்து பக்கத்து வீட்டுப் புறாக்களின் ஒழுக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, "பம்பை ஓயாம ஓட விடறியோ?" என்றார்.

தங்கை அவரைப் பார்த்தாள். "நிறுத்தி நிறுத்தி மூச்சு விடச் சொல்லு அண்ணா, அவரும் விடுவாரு. இடுப்புப் பக்கம் சிவந்து கெடக்கு. நீ வந்து பாக்கறியா?"

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு, சீலை இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். மூடியைத் திறக்கவில்லை. சீல் பிரியாத பெட்டியைத் திறப்பது தன்மேலேயே சந்தேகப்படுவது ஆகும். அந்த அளவுக்கு அவர் யாரையும் அவமானப்படுத்தியதில்லை.

அதற்குப் பிறகும் பம்ப் விடியலில் நின்றுகொண்டுதான் இருந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த நர்ஸ் சிவந்த இடத்தைச் சுத்தம் செய்து பார்த்தார். தோல் விட்டுப் போயிருந்தது, விரல்நகம் மூழ்கும் ஆழம். "இன்னொரு வாரம் இந்த மெத்தை வேலை செய்யலைன்னா எலும்பு வரைக்கும் போயிடும். ஆஸ்பத்திரியில சேக்கணும். இவரு உடம்பு இருக்கிற நிலையில அங்க போறது சுலபம், திரும்பி வர்றது..." என்று சொல்லி, சொன்னதை முடிக்காமல் கையுறையைக் கழற்றினார்.

தங்கை போனில் அதை அப்படியே சொன்னாள். அழவில்லை. "கடைசியா ஒரு தடவை வந்து பாரு அண்ணா. முடியலைன்னா சொல்லிடு, வேற ஆளைக் கூப்பிடறேன்" என்றாள்.

அன்று சீல்காரர் வாசலில் எதுவும் கேட்கவில்லை. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். நடு மத்தியானம், ஜன்னல் வழியாக வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் வெளிச்சம் பத்தவில்லை.

"கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். கன்ட்ரோலர்ல பேட்டரி வோல்ட் எவ்வளவுன்னு படிம்மா."

"பதினாலு புள்ளி நாலு."

மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் தலைகளிலேயே வைத்து அழுத்தினார். "இதைப் படி."

"பன்னெண்டு புள்ளி ஒண்ணு."

"சரியாப் பாரு."

"சரியாத்தான் பாக்கறேன். எனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றாள். பிறகு மெதுவாக, "ஒரே கம்பிதானே அண்ணா? அந்த முனையில ஒண்ணு, இந்த முனையில ஒண்ணு எப்படிக் காட்டும்?"

ஒரு மெக்கானிக் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நடுவில் கம்பி எங்கோ சரியாக ஒட்டவில்லை. மின்சாரம் அந்த இடுக்கில் முட்டிக்கொண்டு நிற்க, கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்துவிட்டது என்று நம்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறது. பேட்டரி தினமும் பட்டினி. பேட்டரிப் பக்கத்து இணைப்புகள் இறுக்கமாக இருந்தன. வழியில் இருந்த ஃபியூஸ் நன்றாக இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே இடம்.

கூரைக்குப் போய்ப் பேனல் இணைப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நகத்தால் சீலைச் சுரண்டினார். வரவில்லை. நல்ல பசை என்று அவர்தான் தேடித் தேடி வாங்கியது. சூரியனின் சிரிப்பு பாதியாகக் கிழிந்து, மீதி மூடியிலேயே தங்கிவிட்டது.

மூடிக்குள்ளே அவர் கண்ணுக்கு ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும் தெரிந்தன, அவ்வளவுதான். விரலைவிட்டுப் பார்த்தார். இன்னும் கதகதப்பு இருந்தது. சிவப்புக் கம்பியைப் பிடித்து இழுத்ததும், இழுத்த கையோடு வந்துவிட்டது. முனையை நகத்தால் நெருடினார். திருகாணி செம்பைக் கடிக்கவில்லை. கம்பியின் பிளாஸ்டிக் தோலைக் கடித்திருந்தது. அங்கே ஒரு பள்ளம், பள்ளத்தைச் சுற்றித் தோல் கருகிச் சொரசொரப்பாக இருந்தது. ஓரத்தில் பிதுங்கி நின்ற ஒன்றிரண்டு இழைகள்தான் இத்தனை நாளாக ஒரு மனிதனின் முதுகைத் தாங்கியிருக்கின்றன. தோலை நீளமாக உரிக்காமல் செருகி முறுக்கிய கை எது என்று விசாரிக்க வேண்டியதில்லை. சீல் மூன்று வாரமாக அதைத்தான் காவல் காத்தது.

"என்ன அண்ணா அது?"

கம்பியைக் காட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். "இப்படி யாரு வச்சா?" என்றாள். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நான்தான்."

அவள் கம்பியைத் திருப்பிக் கொடுத்தாள். சமையல்கட்டுக்குப் போய்விட்டு, எதையும் எடுக்காமல் திரும்பி வந்தாள்.

கம்பியின் தோலை உரித்து, இழைகளை முறுக்கி, ஓட்டையைத் தேடினார். முனை பெட்டியில் முட்டி முட்டி விலகியது. படுத்திருந்தவர் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் சட்டத்தில் முடி அளவு கோடு இழுத்துப் பழகிய கண்.

"இடது பக்கம் மச்சான். இன்னும் கொஞ்சம். போதும், இப்ப உள்ள தள்ளுங்க. ஒரு இழை வெளிய நிக்குது... ஆங், போயிடுச்சு. முறுக்குங்க."

முறுக்கினார். இழுத்துப் பார்த்தார். வரவில்லை. பேனலை மறுபடி இணைத்துவிட்டு வந்ததும் தங்கை இரண்டு முனைகளிலும் படித்தாள். புள்ளிக்குப் பிறகு மட்டும் ஓர் எண் வித்தியாசம். பெட்டியில் நிறைந்ததற்கான பச்சை அணைந்து, நிரம்பிக்கொண்டிருப்பதற்கான சிவப்பு வந்தது. பம்ப் முனக ஆரம்பித்தது. குழாய்கள் ஒவ்வொன்றாக உப்பின.

"அவரைத் திருப்பணும். ஒரு கை பிடி அண்ணா" என்றாள் தங்கை.

இந்தத் தடவை அவர் தனக்கு என்ன தெரியும் என்று சொல்லவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். கட்டு நனைந்திருந்ததால் தங்கை அதைப் பிரித்தாள். அதைப் பார்க்க அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. ஆறுவதற்கு மாதக்கணக்காகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார், ஆறினால்.

பையில் திருப்புளியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளை சுவர்ப் பக்கமாக முகம் வைத்துப் படுத்திருந்தார். மூடியில் பாதிச் சூரியன் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சீல் ஒட்டலியா மச்சான்?"

"வேண்டாம் மாப்பிள்ளை. நீங்க பக்கத்துலயே இருக்கீங்க. சூடு ஏறுனா சொல்லுங்க." செருப்பைக் காலால் தேடிக்கொண்டே வாசலில் ஒரு நிமிடம் நின்றார். "சொன்னா கேக்கறேன்."