இறுகிய தாழ்ப்பாள்

எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் இரண்டு வருடமாக இறுகிக் கிடந்தது. தினமும் எரிச்சல்பட்டேனே தவிர, சரிசெய்யவில்லை. எட்டாவதோடு நின்ற எனக்குக் கவலைப்பட மட்டும் நன்றாகத் தெரியும்.

அன்று அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். வெளியே வர இழுத்தால் தாழ்ப்பாள் நகரவில்லை. அடுப்பை ஒட்டிய அறையிலோ எங்கள் காட்டில் விளைந்த பருத்தி முழுவதும் குவிந்திருந்தது. ஒரு பொறி போதும். சன்னல் வெயிலில் பஞ்சு இழைகள் மிதந்து வந்தன. கனவில் நிற்பதுபோல் அதையே பார்த்து நின்றேன். பால் தீய்ந்த வாடை வந்ததும்தான் அலறினேன்.

ஓடிவந்த வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவை நெம்பினார்.

"ஊர்க் கவலையெல்லாம் படுவ, இதுல ரெண்டு சொட்டு எண்ணெ வுட மாட்டியா?"

"நீங்களும் இதே கதவைத்தான தினம் மிதிச்சீங்க?"

அன்றே எண்ணெய் விட்டோம். இப்போது எது முரண்டு பிடித்தாலும் அன்றைக்கே பார்த்துவிடுகிறேன். தாழ்ப்பாள் சத்தமில்லாமல் நகர்கிறது. நான்தான் இன்னும் இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறேன்.