படம்தான் தப்பு

எங்கள் உள்ளூர் செய்திச் சேனலில் தவறு நேர்ந்தால் ஒரே வைத்தியம்தான்: வீடியோவை அழித்துவிடுவது. ஒருமுறை இரங்கல் செய்தியில் உயிரோடிருந்த ஒருவரின் படத்தைப் போட்டுவிட்டோம். சொந்தக்காரர்கள் மாலையோடு அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கிய பிறகு அதை அழித்தோம். வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. "தெரிவிச்சா, பாக்காதவனுக்கும் தெரிஞ்சு போயிருமல்லோ?" என்றார் முதலாளி. செய்தி சேகரிப்பதும் மாலையில் நேரலையில் வாசிப்பதும் நான்தான். அன்று தெருவில் தலைகாட்டக் கூசியவளும் நான்தான்.

சென்ற மழைக்காலத்தில் மங்கலம் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்று நீர் சிவந்துபோனது. தோட்டத்துக்கார அக்கா அழைத்தார். நேரில் போய்ப் பார்த்தேன். சாயக் கழிவு கலந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் சொன்னதை அப்படியே எழுதினேன். எந்தச் சாயப்பட்டறையின் கழிவு என்று தெரியாததால் யார் பெயரையும் சொல்லவில்லை. மழையில் நான் எடுத்த வீடியோ தெளிவில்லாததால், எடிட்டிங்கில் ஆற்றில் நுரை பொங்கும் பழைய படமொன்றைச் சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, அந்தப் பக்கத்துச் சாயப்பட்டறை உரிமையாளர் ஒருவர் நல்லூரில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எங்களுக்குத் தொடர்ந்து விளம்பரம் கொடுப்பவர்.

"இந்தப் படம் ஆத்துல எடுத்ததுங்க. கெணத்துக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? படமே பொய்யின்னா செய்தியும் பொய்தானுங்களே?"

படத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மை. அவர் கேட்டது வேறு. முழுச் செய்தியும் தவறு என்று அறிவிக்க வேண்டுமாம். அழிக்க மட்டுமே தெரிந்த முதலாளி, அன்று முதன்முதலாகத் திருத்தம் போட ஒப்புக்கொண்டார். "நேற்று வெளியான செய்தி தவறானது. வருந்துகிறோம்" என்று தாளில் எழுதி என்னிடம் நீட்டினார்.

"படந்தானுங்கண்ணா தப்பு. செய்தி தப்பில்லீங்க."

"பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், அம்மணி. வாசிச்சுப்போடு."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். அக்கா முகம் கொடுக்கவில்லை.

"நேத்து டிவியில பாத்துட்டு எங்கூட்டுக்காரரே கேக்கறாரு, இது நம்ம கெணறே இல்லியேன்னு. நாங்க பொய் சொன்ன மாதிரி ஆயிப்போச்சுங்க."

எங்கள் தவறு முதலில் யாரைச் சுட்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. "இன்னிக்கு உங்க கெணத்தையே காட்றனுங்கக்கா" என்றேன். அவர் ஒரு வாளி தண்ணீர் இறைத்தார். கை துடைக்க வைத்திருந்த வெள்ளைப் பனியன் துணியை அதில் முக்கி எடுத்து, கேமராவுக்கு நேராகப் பிழிந்தார். துணி இளஞ்சிவப்பாக இருந்தது.

மாலை நேரலை. முதலாளி ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் தந்த தாளை மடித்து வைத்துவிட்டு வாசித்தேன்: "திருத்தம். நேற்று நாங்கள் காட்டியது வேறொரு இடத்தின் பழைய படம். தவறுக்கு வருந்துகிறோம். கிணற்று நீர் சிவந்தது குறித்த செய்தியில் மாற்றமில்லை. இன்று அங்கே எடுத்த காட்சி இது."

துணி பிழிந்த காட்சி ஓடியது. முதலாளி நினைத்திருந்தால் நேரலையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும், "நான் எழுதினத ஏன் வாசிக்கல?" என்றார்.

"நீங்க கேட்டது திருத்தமுங்கண்ணா. அதத்தான் வாசிச்சேன். நீங்க எழுதினதுதான் பொய்யி. வேலைய விட்டு நிறுத்தறதுன்னா நிறுத்திக்கங்க."

அவர் படியிறங்கிப் போனார்.

அடுத்த நாள் பட்டறை உரிமையாளர் என்னையே போனில் அழைத்தார். குரலில் மரியாதை குறையவில்லை. "இன்னொரு திருத்தம் போடோணுமுங்க."

"போட்றலாமுங்க. எது தப்புன்னு மட்டும் சொல்லுங்க. கெணறு தப்புங்களா, தண்ணி தப்புங்களா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

விளம்பரம் நின்றது. கொஞ்ச காலம் என்னைக் கோயில் விழாக்களுக்கும் கடைத் திறப்புகளுக்கும் மட்டுமே அனுப்பினார்கள். போனேன். கிணற்று நீரைச் சோதனைக்கு எடுத்துப் போன அதிகாரிகள் இன்னும் முடிவைச் சொல்லவில்லை, நான் கேட்டுக்கொண்டேயிருக்கிறேன். அந்தத் திருத்த வீடியோவை அழிக்கச் சொல்லி முதலாளிக்குப் பலமுறை அழைப்பு வந்தது. என்ன நினைத்தாரோ, அதை மட்டும் அவர் அழிக்கவில்லை.