பங்குனியில் எடுக்க வேண்டிய கொம்புகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதனால் நான் கெடுத்த காரியங்கள் ஒன்றிரண்டல்ல. இந்த ஒன்றுக்குத்தான் என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தை விட்டு வந்து மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு குடியேற்றத்தில் இருந்தோம். பக்கத்துக் காணியில் மலைநாட்டிலிருந்து வந்த ஓர் அக்கா தனியாக இருந்தார். அவரும் புருஷனும் காடு வெட்டித் திருத்திய நிலம் அது. புருஷன் ஒரு மார்கழியில் சாமான் வாங்கச் சைக்கிளில் போனவர், மூன்று வருடமாகத் திரும்பவில்லை. "வருவாரு" என்பதைத் தவிர அக்கா வேறொன்றும் சொல்ல மாட்டார். தனியாளால் முடியாதென்று அரை ஏக்கரை எங்களுக்கு விட்டுத் தந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்.

"வேலியோரம் அந்த மூலைய மட்டும் கொத்திடாதீங்க, தங்கச்சி. அவரு வேலை ஒண்ணு அங்க இருக்கு."

ஓம் என்று தலையாட்டினேன்.

யுத்தத்தால் யூரியாவும் பூச்சிமருந்தும் தடையாயிருந்த காலம். சந்தைக்கு வந்த மரக்கறி எல்லாமே மருந்து படாததுதான், ஆனால் பாதி புழுவோடு வரும். அக்காவின் கத்தரிக்காய் மட்டும் எண்ணெய் பூசியது போல மினுங்கும். எங்கள் சந்தையில் சான்றிதழை வாயால்தான் கொடுப்பார்கள். "மலைநாட்டு அம்மாட காயோ? அப்ப கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்." என் கத்தரி சூம்பிக் கிடந்தது. எரிச்சலாக இருந்தது, சொல்வதற்கென்ன.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா எங்கள் காணிக்குள் வருவார். அந்த மூலையில் குந்தி, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, குனிந்து மண்ணோடு கதைப்பார். அங்கே செடி கொடி ஒன்றுமில்லை. வெறும் நிலம். முதலில் பாவம் என்று நினைத்தேன். பிறகு என் ஏழு வயது மகளுக்கு மலேரியா வந்தது. மாத்திரை கொடுத்து மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. பிள்ளை கண்ணைத் திறந்தபடியே பிதற்றினாள், அதுவும் அந்த மூலைப் பக்கம் கையை நீட்டி. அக்கா அங்கே எதையோ வைத்திருக்கிறார் என்ற பயம் பிடித்தது.

நான்காம் நாள் மத்தியானம், அக்கா சந்தைக்குப் போன நேரம், மண்வெட்டியைத் தூக்கினேன். "வாக்குக் குடுத்தனீரல்லோ, விடும்" என்றார் என் மனிசன். "உமக்குப் பிள்ளை வேணுமோ, வாக்கு வேணுமோ?" என்று கத்திவிட்டுக் கொத்தினேன்.

முழங்கால் ஆழத்தில் கொம்புகள். மாட்டுக் கொம்புகள், வாய் கீழே பார்க்க, வரிசையாக எட்டு. உள்ளே கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. நாற்றமே இல்லை, மழை விட்ட காட்டின் மணம். அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. காணிக்குள் கொம்பு தாட்டிருந்தால் எங்கள் ஆட்களுக்குச் சூனியம் என்பதைத் தவிர வேறென்ன தோன்றும்? பாலை மர விறகை அடுக்கி எட்டையும் போட்டு எரித்தேன்.

மயிர் கருகியது போன்ற நாற்றம் வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கை முழுக்கப் போனது. சந்தையால் வந்த அக்கா கூடையோடு நெருப்பின் முன்னால் நின்றார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் கூடையை இறக்கி வைத்தார்.

"எட்டும் எடுத்திட்டீங்களா, தங்கச்சி?"

பிறகு மெல்லச் சொன்னார். அவர் புருஷன் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் வெளிநாட்டார் வந்து பழக்கிய முறையாம். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து ஐப்பசியில் தாட்டு, பங்குனியில் எடுத்தால் அது உரம். ஒரு பிடியை வாளித் தண்ணீரில் கலக்கி ஏக்கர் கணக்கில் தெளிக்கலாமாம். அக்கா தன் காணியில் வேறு கொம்புகள் தாட்டுத்தான் பயிர் செய்தார். இந்த எட்டையும் தொடவில்லை.

"இது அவரு கையால கடைசியா பொதைச்சது. பங்குனியில வந்து நானே எடுக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. இது மண்ணுல இருக்கிற வரைக்கும் வருவாருன்னு இருந்தேன்."

அன்று பின்னேரமே மகளுக்குக் காய்ச்சல் விட்டது. மாத்திரை வேலை செய்திருக்கும். ஆனாலும் சந்தோஷப்படவே பயமாக இருந்தது.

மூன்று நாள் அக்காவின் குசினியில் புகை எழவில்லை. நான் தோண்டிய கிடங்கின் விளிம்பிலேயே இருந்தார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாலாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. போய்ச் சொன்னேன்: "அக்கா, ஏழுதான் எடுத்தனான். ஒண்டு உள்ளுக்கை கிடக்கு. மண்வெட்டியிலை தட்டுப்பட்டது, நான் எடுக்கேல்லை."

பச்சைப் பொய். அக்கா என் முகத்தைப் பார்த்தார். எழும்பினார். கையாலேயே மண்ணைத் தள்ளிக் கிடங்கை மூடினார். அன்றைக்கு அடுப்பு எரிந்தது.

மறுபடி செம்பும் தண்ணீரும் மூலைக்கு வந்தன. ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எட்டு இருந்தப்ப ஒண்ணும் கேக்கல, தங்கச்சி. இப்ப ஒண்ணுல நல்லா கேக்குது. பதில் சொல்றாரு."

அவர் இல்லாத நேரம் பார்த்து, ஐயோ, நானும் அங்கே காதை வைத்தேன். வேலி மர நிழலில் கிடந்த மண், ஆனாலும் இளஞ்சூடாக இருந்தது. எழும்பி வந்துவிட்டேன். மனிசனிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஷெல் எங்கள் பக்கம் விழத் தொடங்கியது. குடியேற்றம் முழுக்க முள்ளிவாய்க்கால் பக்கமாக வெளிக்கிட்டது. நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாங்கோ அக்கா, உயிர் இருந்தால் எல்லாம் பிறகு பாக்கலாம்."

"நீங்க பிள்ளைய கூட்டிட்டுப் போங்க. ஒண்ணு இருக்குல்ல? அவரு வந்தா யாரு காட்டிக் குடுப்பா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மூன்று நாள் புகையாத அந்தக் குசினி கண்ணுக்குள் வந்தது. மகள் சைக்கிள் கரியரில் இருந்து "அம்மா" என்று கூப்பிட்டாள். வாயை மூடிக்கொண்டு போனேன்.

ஒழுங்கை வளைகிற முடக்கில் திரும்பிப் பார்த்தபோது அக்கா அந்த மூலையில் குந்தியிருந்தார். தலையை ஆட்டியாட்டி, யாரோ சொல்வதற்கு "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.