ரத்த உறவு: இல்லை

போன வாரம் எங்கள் ஊர்ப்பக்கம் தேவாரத்துப் பெண் ஒருத்தி, கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த புதுசு, புருஷனோடு என் வீட்டுக்கு வந்திருந்தாள். குடியேற்ற மனு நிரப்பத் துணை வேண்டுமாம். நம்மூர்க்காரர்கள் மத்தியில் நான் அதற்குப் பேர் போனவள். பட்டுத் தெரிந்துகொண்டவள் என்பதுதான் சரி. பாதியில், ‘உங்கள் இருவருக்கும் ரத்த உறவு உண்டா?’ என்ற கேள்வி வந்தது. “இல்லக்கா, இவுக எங்க தாய்மாமா மகன்தேன்” என்றாள் வெகு இயல்பாக. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

நாங்களும் அப்படித்தான் எழுதினோம். என் கணவர் அம்மாவின் அண்ணன் மகன். நினைவு தெரிந்த நாளாக அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்றுகிற சிரமம்கூட இருக்கவில்லை. அன்று சமையலறை மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு, பேனாவை ஆட்டி ஆட்டி நியாயம் பேசினார். “பங்காளின்னாத்தேன் ரத்தம். நீ முறைப்பொண்ணு. முறை எப்பிடி ரத்தமாகும்?” எனக்கும் அது சரியாகவே பட்டது.

அடுத்து, சேர்ந்து வாழ்வதற்குச் சாட்சியாகப் படங்கள் கேட்டார்கள். தோளில் கைபோட்டு எடுத்த படத்துக்கு நாங்கள் எங்கே போவது? விசேஷ வீடுகளில் அவர் சாம்பார் வாளியோடு பந்தியில் நிற்பார், நான் பெண்களோடு உட்கார்ந்திருப்பேன். போடியில் இருந்த அம்மாவிடம் சொன்னேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குத் துண்டு ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. காய் எடுக்க ஜீப்பில் போய்வந்துகொண்டிருந்தாள். பெட்டியைக் குடைந்து என் காதுகுத்துப் படத்தை அனுப்பிவைத்தாள். உறையைப் பிரித்ததும் வீடெல்லாம் ஏலக்காய் வாசனை. படத்தில் மாமா மடியில் மொட்டைத் தலையோடு நான் அழுகிறேன். பக்கத்தில் மச்சான், எனக்கு வாங்கிய ஜிலேபியைத் தின்றுகொண்டிருக்கிறார். இதைவிடப் பழைய சாட்சி யாரிடம் இருக்கும் என்று பூரித்துப்போய், யார் யாருக்கு என்ன முறை என்று விளக்கமும் எழுதி இணைத்தோம்.

மாமன் மகன் என்கிறீர்கள், உறவு இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள், இதில் எது பொய் என்று கேட்டு மனுவை நிறுத்திவைத்தார்கள். முடிவு வருவதற்குள் நான் நாட்டைவிட்டுப் போனால் மனு விழுந்துவிடும். திரும்பி வந்து அவரோடு இருக்க வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து மாமா பேசினார். நான் கிளம்பி வருகிறேன் என்றதும் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வராத ஆத்தா. மாப்ள ஒத்தையில கெடப்பாரு. சோலிய முடி மொதல்ல. எனக்கென்ன, வெரசா எந்திரிச்சு மேல காயெடுக்கப் போயிருவேன்.”

ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினாள். மச்சானுக்கும் கேட்டிருக்க வேண்டும். “நீ கெளம்பு. மனு போனாப் போகட்டும், நானும் ஊருக்கே வந்துர்றேன்” என்றார். அவர் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமாவிடமிருந்து மறுபடி போன் வந்தது. மச்சான்தான் எடுத்தார். இனிமேல் கிளம்பினாலும் தூக்குவதற்குள் போய்ச் சேர முடியாது.

பிறந்த வீட்டுக் கோடித் துணியை மாமா அம்மாவின் மேல் போர்த்தியதைப் போனில் பார்த்தேன். வாய்க்கரிசி போட மகள் எங்கே என்று யாரோ சத்தம் போட்டுக் கேட்டார்கள். பிறகு சித்தி குனிந்து போட்டாள். இங்கே மச்சான் என் தலையைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். அவருக்கு அவள் அத்தை அல்லவா.

மனுவுக்காகப் பின்னால் வைத்த வக்கீல் சொன்னார், ‘ஆம்’ என்று எழுதியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதாம். மாமன் மகனைக் கட்டுவது இங்கே குற்றமே இல்லையாம். விளக்கத்தை ஏற்று, குடியேற்ற அட்டையும் ஒருநாள் வந்தது. இனி எப்போது வேண்டுமானாலும் போகலாம், வரலாம்.

போகிறேன், வருகிறேன். தோட்டம் கைமாறிவிட்டது. அம்மா இருந்த வீட்டில் வேறு யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். மாமா வீட்டில்தான் தங்குகிறேன், நன்றாகத்தான் தாங்குகிறார்கள். ஆனாலும் போடியில் இப்போது நான் மருமகள் மட்டும்தான்.