பலகைக்கு அடியில் ஒரு சிலுவை

தாத்தா இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், மாதா கோயிலில் என்னைப் பேசச் சொன்னார்கள். அவர் மயிலாப்பூரில் தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். காலைப் பூசை பார்க்காமல் உளியைத் தொடமாட்டார்.

"எந்தச் சாமான் செய்தாலும், யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில் பென்சிலால் ஒரு சிலுவை போடுவார். அதுதான் அவருடைய ஜெபம்" என்று சொன்னேன். அத்தை அழுதுவிட்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும், தாத்தாவோடு முப்பது வருடம் வேலை செய்த பாய் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னாமா நீ, அது சிலுவை இல்லம்மா, சும்மா ரெண்டு கோடு. மரத்துல கணு கீற பக்கம் அடியில போவணும்னு போடற குறி. நானுந்தான் போடுவேன்."

என் முகம் சுண்டிப்போயிற்று. அத்தனை பேர் முன்னால் உளறிவிட்டேனே! சமாளிப்பதற்காக, "உங்க வீட்டுச் சாமானுக்கும் தாத்தா அதே குறிதான் போட்டாரா, பாய்?" என்று கேட்டேன்.

பாய் யோசித்துப் பார்த்துச் சொன்னார்.

"எங்க வூட்ல குர்ஆன் வெக்கிற பலகை அவரு செஞ்சதுதான். அதுக்கு மட்டும் வட்டம் போட்டாரு."

"வெறும் குறின்னா ஏன் மாத்தினாரு?"

"அதாம்மா... நான் கேக்கவேயில்லியே."

நான் பேசியது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும், தாத்தா எனக்குச் செய்து கொடுத்த ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்த்தேன். கணு இருந்தது. அதன் மேலேயே சிலுவையும் இருந்தது.