சேர வந்த ஒரே பத்திரிகை

1. கருத்துக் கேட்புக் கூட்டம்

பத்திரிகைகளை ஓர் ஒழுங்காற்று அமைப்பில் சேரவைக்கச் சட்டம் எழுதும் பிரிட்டிஷ் அரசுப் பிரிவில்தான் என் பணியின் கடைசி ஆண்டுகள் கழிந்தன. பத்திரிகைகளின் அத்துமீறலைக் கண்டு லண்டனே கொதித்திருந்த நேரம். கட்டாயப்படுத்தினால் பத்திரிகைச் சுதந்திரம் போய்விடும். ஆகவே ஆசை காட்டினோம். சேர்ந்தால், வழக்கைக் குறைந்த செலவில் நடுவரிடம் முடித்துக்கொள்ளலாம். சேராவிட்டால், ஜெயித்தாலும் எதிராளியின் வக்கீல் செலவையும் கட்ட நேரிடலாம். அலுவலகத்தில் இதற்கு 'இன்சென்டிவ்' என்று பெயர். மலேசியாவில், ஈப்போவில் நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் இதைப் பிரம்பு என்றே அழைத்தார்.

கூட்டத்துக்குப் பெரிய பத்திரிகைகள் வக்கீல்களை அனுப்பின. எங்கள் பிஸ்கட்டைத் தின்றபடி, மிக மரியாதையாக, சேரமாட்டோம் என்றார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும் கை தூக்கினார்.

"நான் சேர ரெடி. எங்க சைன் பண்ணோணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டவர், என் பெயர் அட்டையைப் பார்த்ததும் அதையே தமிழிலும் கேட்டார்.

தர்மலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இலவசத் தமிழ் வார இதழ் நடத்தினார். மளிகைக்கடை வாசலில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த வகை. செய்தி ஒரு பக்கம். மற்றதெல்லாம் விளம்பரமும் மரண அறிவித்தலும்.

2. காலஞ்சென்றவர்

கூட்டம் கலைந்தபின் விஷயத்தைச் சொன்னார். ஒரு தாயின் மரண அறிவித்தலை அவருடைய மூத்த மகன் கொடுத்திருக்கிறார். அவர் நகைக்கடைக்காரர், இதழின் பின்பக்க விளம்பரம் வாரந்தோறும் அவருடையது. அறிவித்தலில் தன் தங்கையின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்த்திருந்தார். தங்கை இதே லண்டனில், லூயிஷாமில் உயிரோடு இருக்கிறார். வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டவர், அவ்வளவே. தெரிந்தவர்கள் அவருடைய கணவருக்குப் போன் செய்து துக்கம் விசாரித்திருக்கிறார்கள். திருத்தம் போடாவிட்டால் வழக்கு என்று தங்கையின் வக்கீலிடமிருந்து கடிதமும் வந்துவிட்டது.

"அந்த அண்ணன்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டனான். 'எங்களுக்கு அவள் செத்திட்டாள், மாத்திப் போட்டீரெண்டால் விளம்பரத்தை மறந்திடும்' எண்டுறார். அது இல்லாட்டிப் பேப்பர் அச்சுக்குப் போகாது, அண்ணை."

"அதனால இதுல சேந்தா வக்கீல் செலவு மிச்சம்னு பாக்கிறீங்க."

"செலவை விடுங்கோ. 'போடு' எண்டு மேலயிருந்து ஒருத்தர் சொல்லோணும். நான் என்ன செய்யிறது, சட்டம் எண்டு அந்தாளிட்டச் சொல்லிப்போட்டு இருந்திடுவன்."

நடைமுறையை விளக்கினேன். காசு வாங்கிப் போடும் அறிவித்தல் இந்தச் சட்டத்தில் 'செய்தி' ஆகுமா என்பதே சந்தேகம். சட்டம் நிறைவேறினாலும் அமைச்சர் உத்தரவு போட்டால்தான் வக்கீல் செலவு பற்றிய பிரிவு அமலுக்கு வரும். அமைப்பையோ பத்திரிகைகள் தாங்களே உருவாக்க வேண்டும். இன்னும் யாரும் உருவாக்கவில்லை.

"அப்ப இல்லாத சங்கத்தில சேரச் சொல்லியோ கூட்டம் வைச்சனீங்கள்?"

"ஆமா."

"அப்ப நீங்களாவது போடச் சொல்லுங்கோ. கவுண்மெண்ட் ஆள்தானே!"

"கவர்மென்ட் ஆளு பத்திரிகைகிட்ட இதைப் போடுன்னு சொல்லக் கூடாதுன்னுதான் இவ்வளவு சுத்திவளைச்சு எழுதிக்கிட்டிருக்கோம்" என்றேன்.

"நல்லா எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

3. அடுத்த இதழ்

அடுத்த வாரம் என் வீட்டருகே, ரெய்னர்ஸ் லேன் மளிகைக்கடையில் அவருடைய இதழை எடுத்தேன். முதல் பக்கத்தில் கட்டம் கட்டி, அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே: 'லூயிஷாமில் நலமாக வசிக்கிறார். விசாரிக்காமல் அச்சிட்டது எங்கள் பிழை.' பின்பக்கத்தில் நகைக்கடை இல்லை. 'இவ்விடம் விளம்பரத்துக்கு' என்று மட்டும் இருந்தது. உடனே போன் செய்தேன்.

"யார் போடச் சொன்னாங்க?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அந்தப் பிள்ளை ஒபிசுக்கு வந்திட்டுது. 'அண்ணை, நான்தான் உங்கட காலஞ்சென்ற ஆள்' எண்டு சிரிச்சுக்கொண்டு முன்னால இருக்குது. செத்ததெண்டு போட்ட ஆளுக்கு என்ர கையால தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறன். பிறகு எந்தச் சட்டத்தைப் பாக்கிறது?"

"வழக்கு?"

"அது அந்தத் தேத்தண்ணியோட முடிஞ்சுது. விளம்பரமும் முடிஞ்சுது. இனிப் பேப்பரில பாதிப் பக்கங்கள்தான். மிச்சப் பாதிக்கு வீட்டில என்ர மனிசி ஏசுறா."

4. அடிக்கப்பட்ட பத்தி

அன்றே சட்ட வரைவுக்கான குறிப்பில் ஒரு பத்தி சேர்த்தேன்: எந்தப் புகாரும் நடுவரிடம் போகுமுன், புகார் கொடுத்தவருக்கு ஆசிரியரின் எதிரே உட்கார்ந்து பேசும் உரிமை வேண்டும். பிரிவுத் தலைவி அதைப் படித்துவிட்டுப் பேனாவால் அடித்தார்.

"இதைப் போட்டா ஒரு எடிட்டரும் சேர மாட்டார்."

"இப்ப மட்டும் வாசல்ல வரிசையில நிக்கிறாங்களா?" என்றேன்.

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பத்தி திரும்பவில்லை. சட்டம் நிறைவேறியது. செலவுப் பிரிவுக்கு நான் ஓய்வுபெறும்வரை எந்த அமைச்சரும் உத்தரவு போடவில்லை.

சட்டம் எழுத உட்காரும் இளையவர்களுக்குச் சொல்வேன்: அபராதத்தையும் சலுகையையும் கடைசியில் எழுதுங்கள். காயப்பட்டவர் எந்த நாற்காலியில் உட்காருவார் என்பதை முதலில் எழுதுங்கள்.